கடற்பருந்து என்கிற கப்பல்

அட்மிரலின் தங்கை என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. ஊசிக்காரி என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. பச்சைக்குழந்தையோ, பருத்த உடம்போ, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். "கையைக் காட்டுங்க போதும், அழுமூஞ்சியைக் காட்டாதீங்க" என்று அதட்டல் வேறு. வாய் கொஞ்சம் நீளம்தான். அண்ணனை யாராவது குறை சொன்னால் இன்னும் நீளும்.

குறை சொல்லாமல் இருந்தவர்தான் யார்? அப்பா நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையானபோது, கல்யாணப் பேச்சைக்கூடத் தட்டிக்கழித்துவிட்டு இவள்தான் பார்த்துக்கொண்டாள். அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. நாள் நெருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் போன் போட்டாள்.

"கடற்பருந்துல இருக்கேம்மா. கப்பலை விட்டு எப்படி வர்றது?" என்றார் அண்ணன்.

அப்பா போய்ச் சேர்ந்தார். எல்லாக் காரியத்தையும் இவளே முடித்தாள். சித்தப்பா மட்டும் வாசலில் நின்றுகொண்டு, "அவனெல்லாம் ஒரு புள்ளையா?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். "நடுக்கடல்ல இருக்கிறவர் நீந்தியா வருவாரு? வெளிய போங்க சித்தப்பா!" என்று அவரைத் துரத்திவிட்டாள். அன்றோடு அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனது.

அப்பேர்ப்பட்ட அண்ணனுக்கு இப்போது பணி ஓய்வு. அண்ணி, மகனோடு வெளிநாட்டிலேயே தங்கிவிட்டாள். அந்த மகராசிக்கு இவரோடு குடும்பம் நடத்தியது போதும் போதும் என்றாகிவிட்டது போலும். "இனிமே உன்கூடத்தான் தங்கச்சி. அப்பா ரூமை எனக்கு ஒழிச்சு வை" என்று போனிலேயே உத்தரவு வந்தது. இவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். உப்புக்காற்றில் உழன்ற மனுஷர், கடைசிக் காலத்திலாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அறைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, புதுக் கட்டிலும் வாங்கிப் போட்டாள்.

வழியனுப்பு விழாவில் அவளுக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது. மேடை முழுக்க வெள்ளைச் சீருடைகள், சலவைக்கடை அலமாரியைத் திறந்து வைத்த மாதிரி. ஒருவர் மாற்றி ஒருவர் புகழ்ந்து தள்ளினார்கள். கடல் பெற்ற பிள்ளையாம், அலைகளை அடக்கி ஆண்டவராம். அட்மிரல் ஒவ்வொரு பட்டத்துக்கும் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். அடடா, என்ன பணிவு! வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று எத்தனை தடவை ஒத்திகை பார்த்தாரோ!

அப்புறம் பழைய சிநேகிதர், ஒரு தொந்திக் கேப்டன், மைக்கைப் பிடித்தார்.

"நாங்க ரெண்டு பேரும் கடற்பருந்துல ஒண்ணா இருந்தோம். கடல்ல தேடாதீங்க, அது ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கிற மூணு மாடிக் கட்டடம்! எங்க படையில கரை முகாமுக்கும் கப்பல்னுதான் பேரு. கேட்டைத் தாண்டி சோப்பு வாங்கப் போனாக்கூட, கரைக்குப் போறேன்னுதான் சொல்லணும்!"

சபை குலுங்கிச் சிரித்தது. கேப்டனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அந்தப் பெரிய புயல் வந்ததே, அந்த வாரம் எங்களுக்கு டேபிள் டென்னிஸ் ஃபைனல். வீட்ல ஏதோ அவசரம்னு இவருக்கு லீவு குடுத்தாச்சு. மனுஷன் போகலயே! ஃபைனலை விட்டுட்டு எப்படிப் போறதுன்னுட்டாரு. கோப்பையைத் தூக்கிட்டுத்தான் மறுவேலை பார்த்தாரு. இதுதாங்க போர்க்குணம்!"

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஊசிக்காரிக்குக் காது அடைத்துப்போனது. புயல் வாரம்தான் அப்பா போன வாரம். அந்த ஜங்ஷனும் அவளுக்குத் தெரியும். காலையில் ரயிலேறியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்திருக்கலாம். இந்த ஆளுக்காகவா சித்தப்பாவைத் துரத்தினோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அடுத்து, அட்மிரலின் அன்புத் தங்கை!"

எழுதிக் கொண்டுவந்த பாராட்டுரையைக் கைப்பையோடு நாற்காலியிலேயே போட்டுவிட்டு மேடையேறினாள்.

"எங்கப்பாவுக்கு அந்த வாரம் மூச்சு விடவே முடியல. ஆனா ரேடியோவை அணைக்க விட மாட்டாரு. புயல் எங்க இருக்கு, காத்து எவ்வளவு வேகம்னு கேட்டுட்டே இருப்பாரு. ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழட்டிட்டு, 'எம்புள்ள நடுக்கடல்ல மாட்டிக்கிட்டானே'ன்னு அழுவாரு. நான் மாட்டிவிடுவேன். மறுபடியும் கழட்டிட்டு அழுவாரு. அப்படி அழுதுதான் போனாரு."

கேப்டன் தரையைப் பார்த்தார். ஊசிக்காரி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஃபைனல்ல எத்தனைக்கு எத்தனைண்ணா?"

"இருபத்தொண்ணு, பத்தொம்பது" என்றார் அட்மிரல், பட்டென்று. வாயை விட்ட பிறகுதான் மனுஷருக்கு உறைத்தது. "இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…" என்று எழுந்தார்.

"வீட்டுக்கு வராதீங்க" என்றாள் அவள், மைக்கிலேயே. "அந்த ரூம்ல எங்கப்பா உங்களுக்காகப் பயந்து பயந்தே செத்தாரு. அங்க உங்களைத் தூங்க விட மாட்டேன்."