ஜெபக்குமார் வித்த ஊசி

எங்க வீட்டுக்காரர் ஜெபக்குமாருக்கு ஒரு சங்கதிய மனசுக்குள்ள வச்சுக்கத் தெரியாது. "இது ஒரு குத்தமா, தங்கபாய்?"ன்னு கேப்பீய. கூட இருந்து பாருங்க, தெரியும்.

நாங்க இருக்கது ராஜபாளையம். அவிய வேலை பாத்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு மெடிக்கல் கடையில. டிப்ளமாவையே தட்டுத் தடுமாறி முடிச்சவிய. முதலாளி ப்ரஹலாத் அப்படியில்ல, மருந்துப் படிப்புல மெடல் வாங்குனவரு.

போன மாசம் ஒரு திங்கக்கெழம மதியம் வந்தாவ. சோத்தைப் பெசைஞ்சாவ, வாயில வைக்கல. வாசலுக்குப் போறதும் வாரதுமா இருந்தாவ.

"என்னன்னு சொல்லித் தொலைங்க!"ன்னு கத்துனேன்.

சனிக்கெழம கடையைக் கூட்டும்போது பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குனவிய, திரும்ப மாட்ட மறந்துட்டாவளாம். ஞாயிறு கடை லீவு. திங்கக் காலைல தொறந்ததுமே சுந்தரபாண்டியத்துக்காரர் விஜயபாண்டி, மகளை நாய் கடிச்சிருச்சுன்னு ஓடி வந்து, அந்த பிரிட்ஜ்ல இருந்த ஊசி மருந்தை வாங்கிட்டுப் போயிட்டாரு. பொறவுதான் இவிய பிளக்கைப் பாத்திருக்காவ.

"முதலாளிட்ட சொன்னீயளா?"

"சொன்னேன். அம்புட்டுச் சீக்கிரம் கெடாதுன்னு ஆராய்ச்சியெல்லாம் எடுத்துக் காட்டுதாரு. வெளிய சொன்னா வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு."

"படிச்சவரு சொல்லுதாருல்ல? சும்மா கெடங்க. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்காதீங்க!"

"கெட்டிருந்தா? அந்த நோய் வந்துட்டா வைத்தியமே இல்ல ஏட்டி."

வேலை போயிருமேன்னு பயம் ஒரு பக்கம், அந்தப் பிள்ள ஒரு பக்கம். திட்டிக்கிட்டேதான் பைக்ல ஏறுனேன்.

விசாரிச்சு வீட்டைப் பிடிச்சோம். காலையிலயே ஊசி போட்டாச்சு. பிள்ள காலை நீட்டி ஒக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டிருந்தா. அவிய சொல்லி முடிக்கல, விஜயபாண்டி சட்டையைப் பிடிச்சுட்டாரு.

"எம்மவ உசுரு ஒனக்கு வெளையாட்டாலே?"

பளார்னு ஒரு அறை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அடி வாங்குனவிய, "மிச்சத்தைப் பொறவு அடிங்கண்ணே. மொதல்ல டாக்டர்ட்டப் போவோம்"ங்காவ. வேற கடையில மருந்து வாங்கிட்டு வரச்சொல்லி டாக்டர் மறுபடி ஊசி போட்டாரு.

சாயந்தரமே வேலை போச்சு. "நல்லவருக்குக் கெடைச்ச மரியாதையப் பாத்தீயளா?"ன்னு நான் குத்திக்கிட்டே இருந்தேன். அவிய காதுல அது ஏறவே இல்ல. "வியாழக்கெழம அடுத்த ஊசி. மறக்காமப் போடுவாங்களா?"ன்னு பொலம்பிக்கிட்டு, வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருந்தாவ.

வியாழக்கெழம காலைல ப்ரஹலாத் போன் பண்ணாரு. நான்தான் எடுத்தேன்.

"அம்மா, விஜயபாண்டி கடையில வந்து நிக்கிறாரு. நான் குடுத்தா வாங்க மாட்டேங்கிறாரு. தப்பு நடந்தா வீடு தேடி வந்து சொல்ற ஆளு குடுத்தாத்தான் வாங்குவாராம். கொஞ்சம் ஜெபக்குமாரை அனுப்புறீங்களா?"

'மெடல் வாங்குன கையால நீங்களே குடுங்க'ன்னு சொல்ல நாக்கு துறுதுறுன்னு வந்துச்சு. வேலை திரும்ப உண்டான்னாவது கேட்டிருக்கணும். எங்க கேக்க? அதுக்குள்ள அவிய சட்டைப் பித்தானைக்கூடப் போடாம பைக்கை எடுத்துட்டாவ.

"வேலையைப் பத்திப் பேசிட்டு வாங்க!"ன்னு தெருவுல நின்னு கத்துனேன்.

"பிள்ளைக்கு ஊசி நேரம் ஏட்டி!"ன்னு கத்திட்டுப் போயிட்டாவ.