தொட்டுப் பார்த்த சூடு

எங்கள் ஊரில் அவளுக்குப் பெயர் கப்பு அக்கா. வாய்க்கால் தண்ணீரில் ஒரு புழு. தோல் வழியாக உடம்புக்குள் போனால் சிறுநீரில் ரத்தம் வரும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை அக்கா வீடு வீடாகப் பிளாஸ்டிக் கப் கொடுத்துச் சிறுநீர் வாங்கி வருவாள். சுகாதார நிலையத்தில் நான் அதில் மஞ்சள் காகிதப் பட்டையை நனைப்பேன். பச்சையானால் ரத்தம் இருக்கிறது. ஒரே நாளில் நாலு மாத்திரை விழுங்கினால் புழு செத்துவிடும். காசில்லாத இந்தப் பரிசோதனைக்கு நம் ஆட்கள் பண்ணும் பிகு இருக்கிறதே, புது மாப்பிள்ளை தோற்றுப் போவான்.

வாய்க்கால் தண்ணீரை மொண்டு கொடுத்தவன், ஆறின டீயில் தண்ணீர் கலந்து கொடுத்தவன், எல்லாரையும் அவள் பார்த்துவிட்டாள். அதனால் கப்பை உள்ளங்கையில் வைத்து, சூடு இருந்தால்தான் வாங்குவாள். "என்னண்ணே, ஃப்ரிட்ஜுக்குள்ளயா போயிட்டு வந்தீங்க?" என்று மானத்தை வாங்கிவிடுவாள்.

அவள் புருஷனுக்கு வாய்க்காலில் பாசி அள்ளும் வேலை. நாள் முழுக்க இடுப்பளவுத் தண்ணீர். ஊரில் யாரையும்விட அவரை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். முதல் இரண்டு வருஷமும் அவர் கப் சூடாக வந்தது, பட்டை மஞ்சளாகவே இருந்தது. "பாத்தியா தம்பி, இரும்பு உடம்பு!" என்று பூரித்துப் போனாள். நோட்டில் சுத்தம் என்று எழுதியவன் நான்தான்.

மூன்றாம் வருஷம் அவரால் நிமிர முடியவில்லை. மூத்திரப்பையில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். பல வருஷமாக உள்ளே இருந்த புழு செய்த வேலையாம். பரிசோதனையே செய்யவில்லையா என்று கேட்டார். அக்கா சண்டைக்கே போய்விட்டாள். "என் கையாலதான் சார் வாங்கினேன். சூடா இருந்துச்சு!"

அவர்களோடு குடியிருக்கும் கொழுந்தன், தையல்காரன், சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"அண்ணி, ரெண்டு கப்புலயும் என்னோடதுதான். அண்ணன்தான் கேட்டாரு. ரத்தம் போறது தெரிஞ்சா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்கன்னு..."

அக்கா புருஷன் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"நாலே மாத்திரைங்க," என்றாள். மறுபடி மறுபடி அதையேதான் சொன்னாள்.

பன்னிரண்டு நாளில் அவர் போய்விட்டார். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அடுத்த சுற்றுக்கு வேறு ஆளைப் போடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை; நானும் துணைக்குப் போனேன். கடைசியாக அவள் வீட்டுக்குப் போனோம். கொழுந்தன் உள்ளே போய்வந்து கப்பை நீட்டினான். பழக்கதோஷம், அதை உள்ளங்கையில் வைத்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதே சூடுதான் தம்பி. இதத்தான் அவரோடதுன்னு அவ்வளவு சந்தோஷமா ஏந்திக்கிட்டு வந்தேன்."