எல்லாப் பந்தும் எடில்சாவுக்கே

எடில்சாவுக்கு எதிரணிகள் வைத்திருந்த பெயர் குள்ளி. “குள்ளிக்கே போடு” என்று வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். மணல் வாலிபாலில் ஓர் அணிக்கு இரண்டே பேர். சர்வீஸை எடுப்பவளுக்கு மற்றவள் தூக்கிக் கொடுப்பாள், எடுத்தவளே ஓடிவந்து அடிக்க வேண்டும். அதனால் இருவரில் இளைத்தவள் யாரோ அவளைப் பார்த்தே சர்வீஸ் வரும். பதினேழு வயதில் ஃபோர்த்தலேசா கடற்கரையில் முதல் போட்டி ஆடிய நாளிலிருந்து எடில்சாதான் அந்த இளைத்தவள். அத்தனையையும் எடுத்தாள், அடித்தாள்.

அவளுடைய ஜோடி மார்லூசியா ஆறடிக்கு மேல் உயரம். வலையோரம் அவள் கைகளைத் தூக்கி நின்றால் எதிரில் வானம் மறையும். இருவரும் ஆறு வருடம் சேர்ந்து ஆடினார்கள். அரையிறுதிகளும் மூன்றாம் இடங்களும் நிறையக் கிடைத்தன. தேசியப் பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை.

ஒரு தோல்விக்குப் பிறகு, எடில்சாவின் அம்மா கித்தேரியா நண்டு சமைக்கிற கடற்கரைக் கடையில் இருவரும் இளநீரோடு உட்கார்ந்திருந்தபோது மார்லூசியா பேச்சை எடுத்தாள்.

“உன்மேல கோபம் இல்ல எடில்சா. எல்லாரும் உனக்கே போடறாங்க. மேட்ச் பூரா நான் வேடிக்கை பாத்துட்டு நிக்கறேன்.”

“வந்தத எல்லாம் எடுத்தேன்ல?”

“எடுத்த. தோத்தோம்ல.”

அடுத்த சீசனுக்கு ரியோக்காரி ஒருத்தியோடு ஆட ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொன்னாள். எடில்சா எழுந்து போய் அம்மாவோடு நின்று நண்டு கழுவினாள். கித்தேரியா நடந்ததைக் கேட்டறிந்து, அந்த நெட்டச்சிக்கு இனி இந்தக் கடையில் நண்டு கிடையாது என்று அறிவித்தாள்.

எடில்சா தேடிப் பிடித்தது மொசொரோ ஊரிலிருந்து வந்த ஜோசியெலியை. வயது இருபது, மார்லூசியாவை விட ஒரு விரல் உயரம். பந்தை எடுக்கும் கைதான் சுத்தமில்லை. இரண்டு தப்பு செய்தால் வாய் அடைத்துப்போகும். ஆனால் எல்லாரும் வழக்கப்படி எடில்சாவுக்கே போட்டதால் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. அந்த வருடம் இருவரும் தேசிய இறுதிக்கு வந்தார்கள். இறுதி ஆட்டம் சொந்த ஊர்க் கடற்கரையில், காற்று மணலை அள்ளி அடிக்கிற செப்டம்பரில். எதிரே மார்லூசியா.

முதல் சர்வீஸ் ஜோசியெலிக்குப் போனது. இரண்டாவதும் அவளுக்கே. மூன்றாவதும் அங்கேயே விழுந்தபோது எடில்சாவுக்கு மார்லூசியாவின் கணக்குப் புரிந்தது. ஆறு வருடம் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாதா, எடில்சா பந்து எடுக்க எடுக்கத்தான் சூடேறுவாள் என்று? சும்மா நிற்க வைத்தால் கை மரத்துவிடும். தூக்கிக் கொடுப்பதிலும் அவள் கெட்டிக்காரி அல்ல. அவள் எழுப்பிய பந்தைக் காற்று வலைக்கு மேலே கொண்டுபோக, ஜோசியெலி அடித்ததெல்லாம் மார்லூசியாவின் கையில் பட்டுத் திரும்பி விழுந்தது. முதல் செட் போனது.

இரண்டாவது செட்டின் நடுவில் எடில்சா ஓய்வு கேட்டாள். ஜோசியெலி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “முடியல அக்கா. என்னையே பாக்கறாங்க” என்றாள்.

“என்னை எத்தனை வருஷமா பாத்திருக்காங்க, செத்தா போய்ட்டேன்?” என்றாள் எடில்சா. “நீ அழகா எடுக்க வேணாம். உசரமா வலைகிட்ட தூக்கிப் போடு, போதும். ரெண்டாவது தொடல்லயே நான் அடிச்சிடறேன்.”

மார்லூசியா ஜோசியெலிக்கு எதிரே கை தூக்கக் காத்திருக்க, எடில்சா நடுவிலேயே பந்தை ஆளில்லாத மூலைக்கு அடித்தாள். மறுபடியும் அடித்தாள். மார்லூசியா அவள் பக்கம் நகர வேண்டியதாயிற்று, நகர்ந்ததும் ஜோசியெலிக்கு வழி திறந்தது. இரண்டாவது செட் இவர்களுக்கு வந்தது. கித்தேரியா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஈரக்கையோடு கயிற்றோரம் வந்து நின்றாள்.

கடைசி செட்டில் யாரும் இரண்டு புள்ளிக்கு மேல் முந்தவில்லை. பதினாலுக்குப் பதின்மூன்று என்று இவர்கள் முன்னால் நின்றபோது சர்வீஸ் மார்லூசியாவுடையது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் பட்டம். அவள் பந்தைக் கையில் உருட்டியபடி எடில்சாவைப் பார்த்தாள், பிறகு ஜோசியெலியை. மீண்டும் ஜோசியெலிக்கே போட்டுவிட்டு வலைக்கு ஓடினாள்.

பந்து உயரமாக எழுந்தது. எடில்சா தாவ, மார்லூசியாவும் கூடவே தாவினாள். எதிரே அந்த இரண்டு கைகள். எடில்சா அடிக்கவில்லை. காற்று இழுக்கும் என்று கணக்குப் பண்ணி, மடக்கிய விரல்களால் பந்தை மெல்லப் பின்னால் ஜோசியெலிக்குத் தள்ளிவிட்டாள். விழுந்துகொண்டே ஜோசியெலி வரும் சத்தத்தைக் கேட்டாள். பார்க்கத் தைரியம் வரவில்லை. கூட்டம் கத்திய பிறகுதான் தலையைத் தூக்கினாள். அந்தப் பக்க மணலில் பந்து குழிபறித்துக் கிடந்தது.

வலைக்கடியில் கை கொடுக்க வந்த மார்லூசியா, “நீ அடிப்பேன்னுதான் நினைச்சேன்” என்றாள். “நானும்தான்” என்றாள் எடில்சா.

மறுமாதம் மார்லூசியா போன் செய்து, ரியோக்காரியோடு சரிப்படவில்லை, மறுபடி சேரலாமா என்று கேட்டாள். பழகிய குரல், பழகிய ஆட்டம். எடில்சா மறுத்தாள். அந்த நெட்டச்சியோடு போனால் வெளிநாடெல்லாம் போகலாமே, உனக்குக் கிறுக்கா என்று கித்தேரியா ஒரு வாரம் முனகினாள். நண்டுத் தடையையும் அவளே நீக்கியிருந்தாள்.

ஜோசியெலியோடு இன்னும் இரண்டு பட்டம் வந்தது. அதன்பின் எடில்சாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இப்போது ஜோசியெலி வேறொருத்தியோடு ஆடுகிறாள். ஆட்டம் ஊரில் நடந்தால் எடில்சா போய்க் கூட்டத்தில் உட்காருவாள். முதல் சர்வீஸ் யாருக்குப் போகிறது என்று பார்த்த பிறகுதான் கையிலிருக்கும் இளநீரைக் குடிப்பாள்.