ரப்பர் பாலில் ஒட்டிய விளக்கு

மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட் வீட்டில் தனியாக இருக்கிறேன். மகள் ஜோகூருக்கு வேலைக்குப் போனபின், பொழுது போக விளக்குகள் செய்யத் தொடங்கினேன். ஊதிய பலூன்மேல் பசையில் தோய்த்த நூலைச் சுற்றிக் காயவிட்டு, பலூனை உடைத்தால் உருண்டையாக ஒரு கூடு கிடைக்கும். உள்ளே பல்பு மாட்டினால் சுவரெல்லாம் நிழல் கோலம்.

ஒருநாள் பசை தீர்ந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் மரத்தில் வடியும் ரப்பர் பாலிலேயே நூலைத் தோய்த்தேன். நன்றாகத்தான் ஒட்டியது. சாயங்காலம் அதற்குள் பழைய குண்டு பல்பைப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். ரப்பர் புகை வாசம் வந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வாசம். கொட்டகையில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். அந்தக் கொட்டகையை மூடிப் பல வருடமாயிற்று என்பது நினைவுக்கே வரவில்லை.

"அக்கா, ஆப்பி! ஆப்பி!"

நெருப்பு என்று மலாயில் கத்திக்கொண்டு ஓடி வந்தவர், பக்கத்து வீட்டு வங்காளதேசத் தொழிலாளி. அதுவரை நான் அவரிடம் பேசியதே இல்லை. சுவிட்சை அணைத்து, எரிந்த கூட்டைக் கம்பால் வெளியே தள்ளினார். திரைச்சீலை எரிந்ததோடு போயிற்று.

"இனி இதெல்லாம் வேணாம்லா மா!" என்று மகள் போனில் அழுதாள்.

நான் விடவில்லை. இப்போது கடைப் பசையும் சூடாகாத எல்இடி பல்பும்தான். விளக்கையும் அவர் வீட்டைப் பார்த்த சன்னலில் மாட்டுகிறேன். போன வாரம் ஒருநாள் அது எரியவில்லை. அவர் வந்து கதவைத் தட்டி, "அக்கா, சாக்கிட்?" என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்.

"பல்புதான் போச்சு தம்பி" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது.