அரண்மனை எங்கள் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது

பெரம்பலூர் கல்லூரியில் முதுகலை வரலாறு படித்த இரண்டு வருடமும் நான் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டேன். வருடாவருடம் சுற்றுலாப் பேருந்து கங்கைகொண்ட சோழபுரம் வரும். கோயிலைச் சுற்றிப் பார்ப்போம். புல்தரையில் புளியோதரைப் பொட்டலம் பிரியும். பேருந்து தஞ்சாவூருக்குக் கிளம்பிவிடும். இரண்டரை நூற்றாண்டு சோழர்களின் தலைநகராக இருந்த ஊர் ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகும். கோயில் மட்டுமா தலைநகரம்? ராஜா எங்கே தூங்கினான், அவனுக்குச் சமைத்தவள் எங்கே தண்ணீர் மொண்டாள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அரண்மனை இருந்த மாளிகைமேட்டின் ஓரத்தில்தான் என் வீடு.

கடைசி வருடம், மாளிகைமேட்டுக்கும் வரச் சொல்லிப் பேராசிரியரை மடக்கிவிட்டேன்.

"அரை மணி நேரம் தரேம்மா," என்றார். "பசங்க சலிச்சுப்போனா அடுத்த வருஷத்துல இருந்து கோயிலோட சரி. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

மேட்டில் இறங்கினோம். தகரக் கூரைக்குக் கீழே பள்ளத்தில் செங்கல் அடித்தளங்கள், அவ்வளவுதான். நாற்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் மரநிழலுக்குப் போய்விட்டார்கள். என் பக்கத்தில் உட்காரும் பாடாலூர்க்காரி மட்டும் நட்புக்காக நின்றாள்.

"இதுதான் அரண்மனையாடி? எங்க ஊரு ரைஸ்மில்லு இதவிடப் பெருசு."

"மிச்சமெல்லாம் எங்கம்மா?" என்றார் பேராசிரியர். சாலையில் டிரைவர் ஹாரன் அடித்தார்.

மிச்சம் எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கே தெரியும். கொள்ளிடத்தில் அணை கட்டக் கோயில் மதில் கல்லை வெள்ளைக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மேட்டுச் செங்கல்லை எங்கள் ஆட்கள் சுமந்துவந்து வீடு கட்டிக்கொண்டார்கள். ஆனால் வெளியாட்களிடம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆபீஸர் யாராவது வந்து சுவரை இடிப்பார், மனையைப் பிடுங்குவார் என்று பயம். ஜீப் சத்தம் கேட்டால் போதும், பழைய செங்கல் தெரிகிற இடத்தில் விறகை அடுக்கிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு படி மேலே. ஒன்பதாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் "ஒட்டுப்போட்ட செங்கல் வூடு" என்று கேலி செய்ததால், பூசியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். அரியலூர் பக்கம் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் அப்பா இரண்டு மூட்டை வாங்கிவந்து, தெருவைப் பார்த்த கொட்டகைச் சுவரில் சோழர் காலத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூடினார்.

"வாங்க சார், காட்டறேன்," என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

நாற்பது பேர் தெருவுக்குள் நுழைந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அம்மா கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஊரையே கூட்டியாந்திருக்க. டீக்குப் பாலு பத்தாதே."

"டீ வேணாம்மா. கடப்பாரையக் குடு." கொட்டகைச் சுவரின் பூச்சை ஏன் உடைக்கவேண்டும் என்று காதோடு சொன்னேன்.

அம்மா பேராசிரியரை ஏற இறங்கப் பார்த்தாள். "சாரு எந்த ஆபீஸு?"

"காலேஜுங்க. பாடம் நடத்துறவன். ஒரு செங்கல்லக்கூட எடுத்துட்டுப் போற அதிகாரம் எனக்குக் கெடையாதுங்க."

"அப்ப சரி." அம்மா கடப்பாரையை என்னிடம் நீட்டினாள். "பூசச் சொல்லிக் குதிச்சவ நீ. நீயே ஒட. ஒங்கப்பாவுக்கும் நீயே பதில் சொல்லிக்க."

அரியலூர் சிமெண்ட் லேசில் விடவில்லை. ஐந்தாவது குத்தில்தான் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே, தட்டையாக, அகலமாக, நன்றாக வெந்த சிவப்பில் இருந்தது அரண்மனை. நெட்டுக்குத்தாக வைத்திருந்த ஒரு கல்லில், ஈர மண்ணில் யாரோ இழுத்த மூன்று விரல் தடம். பாடாலூர்க்காரி தன் விரல்களை அதில் பொருத்தினாள்.

"என் கை சைஸுடி," என்றாள். பிறகு நகரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள்.

எதிர்வீட்டு அத்தை கதவிடுக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அது என்னங்க பெரிய கல்லு. எங்க அடுப்படில இருக்கறத வந்து பாருங்க."

"அவ வூட்டுது பாதி ஒடஞ்சது சார். எங்களுது முழுசு," என்றது அடுத்த வாசல்.

விறகு அடுக்குகள் கலைந்தன. கோழிக்கூட்டுக்கு மூடியாக ஒரு கூரை ஓடு, துணி துவைக்க ஒரு தூணடிக் கல், துளசி மாடம் முழுக்க ராஜாவின் சுவர். நான் தயாரித்த உரை பையிலேயே கிடந்தது. வீடு வீடாக ஓடி, எந்தக் கல் எந்த வீட்டில் என்று நோட்டில் வரைபடம் போட்டேன். இந்தத் தலைநகரம் அழிந்துவிட்டதாக இனி என்னிடம் யாரும் சொல்ல முடியாது. அதன் உள்ளேதான் நாங்கள் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறோம்.

"அடுத்த வருஷம் மொதல்ல இங்க. அப்புறம்தான் கோயில்," என்றார் பேராசிரியர், சட்டையில் சுண்ணாம்போடு.

அரை மணி நேரம் மூன்று மணி நேரமாகியிருந்தது. எங்களை அழைத்துப்போக டிரைவரே தெருவுக்குள் வந்தார். வந்தவரை அத்தை பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைச் சொறிந்தபடி பேராசிரியரிடம் வந்து நின்றார்.

"சார், கோடி வூட்டுல பழைய ஒறக்கெணறு ஒண்ணு இருக்காம். இப்பவும் தண்ணி ஊறுதாம். ஒரு எட்டு பாத்துட்டு..."

"தஞ்சாவூர் போவ வேணாமாய்யா?"

"தஞ்சாவூர் எங்க சார் ஓடிப்போவுது."

பேராசிரியர் என்னைத் தேடித் திரும்பினார். நான் அதற்குள் கோடி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.