எவரிஸ்தோவின் கார் இருமல்

பயாமோன் நகரில், ரோட்டரி இன்ஜின் கார்களில் வெளியே வாங்கிப் பொருத்திய கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்துவிடும் பாகத்தை, ட்யூன் செய்வதில் மெக்கானிக் எர்மினியோவை மிஞ்ச ஆளில்லை. நண்பர் எவரிஸ்தோ மட்டும் கடைசிவரை தன் காரைத் தொடவிடவில்லை. அவர் இறந்ததும், விற்பதற்கு முன் சரிசெய்யச் சொல்லி அவர் மனைவி நெரெய்தா காரைக் கொண்டுவந்தாள். எர்மினியோ ஆசைதீரத் திருத்தினார். இன்ஜின் சீராக உறுமியது.

நெரெய்தாவின் முகம் வாடியது. "இது அவரு சத்தம் இல்லியே."

"இருமல் புடிச்ச வண்டின்னு காலமெல்லாம் திட்டுனவ நீதானேம்மா?"

"திட்டினேன்தான். தெருமுனையில அது இருமுனா சோத்தையும் பீன்ஸையும் சூடு பண்ணுவேன். பழையபடி ஆக்கிக் குடுங்கண்ணே, நான் விக்கல."

எர்மினியோ மாலைவரை திருகுகளை முடுக்கியும் தளர்த்தியும் விதவிதமாகக் கெடுத்துப் பார்த்தார். நெரெய்தா கண்மூடிக் கேட்டு, ஒவ்வொரு முறையும் இல்லையென்று தலையாட்டினாள். திருத்துமுன் தவறு எப்படி இருந்தது என்று பார்த்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.