கெடு முடியும் நாள்

நார்வேயின் ஒஸ்லோ நகரில், மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில் என் எதிரே இருந்த இலங்கைத் தமிழருக்கு அறுபது வயதிருக்கும். தலை முழுக்க நரைத்தும் மீசை கறுப்பாகவே இருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்து கதவு வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“எங்க இறங்கணும் அண்ணா?” என்றேன். என் சென்னைத் தமிழைக் கேட்டுச் சிரித்தார்.

“கடைசியிலைதான், பிள்ளை. இருக்க ஏலாமல் கிடக்கு. அமெரிக்காவிலை என்ரை தம்பி. மருத்துவக் காப்புறுதியிலை பதியிற கெடு இண்டையோட முடியுது. அதைத் தள்ளிப்போடுறதோ எண்டு அங்கை அரசியல்வாதியள் வாக்குவாதப்படுகினம். எப்பிடியும் தள்ளுவினம் எண்டு இவன் பதியாமல் இருக்கிறான்.”

“தள்ளிட்டா நல்லதுதானே?”

“அவைக்கு அது கட்சிச் சண்டை. இவனுக்கு இருதய வருத்தமெல்லோ? மருந்தில்லாமல் இருக்கேலாது.”

கைப்பேசியைப் பார்த்தவரின் முகம் மாறியது. கெடுவைத் தள்ளுவதற்கான வாக்கெடுப்பையே நாளைக்கு ஒத்திவைத்துவிட்டார்களாம்; அப்படியானால் கெடு இன்றோடு முடிந்துவிடும். உடனே தம்பியை அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“டேய், கணினிக்கு முன்னாலை இரு. நான் லைனிலை நிக்கிறன். முதல்லை உன்ரை பேரைப் போடு,” என்றார்.

கடைசி நிலையத்தில் இறங்கிய பிறகும் பனியில் நின்று அவர் பேசிக்கொண்டிருந்தார். என் பஸ் வரும் நேரத்தில், “அனுப்பிட்டியோ? சரி, போய்ச் சாப்பிடு,” என்ற குரல் கேட்டது.

மறுநாள் கெடுவை நீட்டிவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் பனியில் நின்றது வீண் என்று எனக்கு ஏனோ தோன்றவில்லை.